அச்சு அசலாக ஓர் எட்டு

அலுவலகத்தில் அவளைப் பற்றிக் கேட்டால், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்பார்கள். கூட்டம் என்றால் கதவோரத்து நாற்காலியில் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் நோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். பதினேழு வருடமாக நிரல் எழுதிப் பிழைப்பவள், இன்னமும் தன் கருத்து எதையும் 'எனக்கு அப்படித் தோணுது சார், சரியாத் தெரியல' என்ற வாலை ஒட்டாமல் வெளியே விட்டதில்லை. அவள் மெதுவாகச் சொன்னதையே பக்கத்து நாற்காலிக்காரர் உரக்கச் சொல்லிப் பேர் தட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு. கோடிங் மேடம் என்று கூப்பிட்டார்கள். அது மரியாதையா கிண்டலா என்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

அதே ஆள் மதியம் ஒன்றேகாலுக்கு டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாடிப்படி திரும்பும் இடத்தில் இருந்த ஜன்னல் திட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்தால் புலி.

கணினி ஆட்கள் கூடி வம்பளக்கும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. பேர் முச்சந்தி. வருகிறவர்கள் எல்லோரும் புனைபெயரில்தான் வருவார்கள். எந்த நிரல்மொழி உசத்தி, நாலு வரிச் செய்தியைக் காட்ட ஓர் இணையப் பக்கம் எதற்கு நாற்பது கோப்பை இறக்குகிறது, புகைப்படத்தை எவ்வளவு அமுக்கினால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்று ஒருநாளும் தீராத வழக்குகள். தீர்ந்துபோனால் மறுநாள் என்ன பேசுவது என்ற பயத்திலேயே யாரும் எதையும் தீர்த்துவைக்கவில்லை.

அங்கே அவள் பேர் கறார். ஆதாரம் இல்லாமல் யாராவது வாயைத் திறந்தால் மூன்று வரியில் மூட்டையைக் கட்டி அனுப்பிவிடுவாள். அவளை எல்லோரும் ஆண் என்றே முடிவு செய்து 'கறார் அண்ணே' என்று கூப்பிட்டார்கள். ஒருமுறை, அண்ணன் இல்லை அக்கா என்று எழுதினாள், அனுப்பாமல் அழித்துவிட்டாள். அண்ணன் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அக்கா சொன்னால் என்ன ஆகும் என்பதை அலுவலகம் அவளுக்குப் பதினேழு வருடமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் அவள் படியேறி வரும் வேகத்தைப் பார்த்தே, "இன்னைக்கு எத்தனை தலை உருண்டுச்சு?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்த மரியாதை அந்த முக்கால் மணி நேரத்தில் கிடைத்ததுதான் என்பது அவருக்கும் தெரியும்.

துருநட்டு என்ற பேரில் ஒருவர் வந்த மதியம் நடந்த வழக்கு, படங்களை அமுக்குவது பற்றியது. இணையப் பக்கத்தில் போடும் புகைப்படத்துக்குப் பழைய வடிவம் போதுமா புதிய வடிவம் வேண்டுமா என்று ஆரம்பித்து, காகிதங்களை ஸ்கேன் செய்து சேமிப்பதில் வந்து நின்றிருந்தது. அப்போது யாரோ ஒரு முறையைப் பாராட்டினார்கள். ஒரு பக்கத்தில் 'அ' என்ற எழுத்து நூறு இடத்தில் வந்தால் நூறு படம் எதற்கு? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதே மாதிரி இருக்கும் எல்லா இடத்திலும் அதையே முத்திரைபோலக் குத்திவிடலாம். கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எழுத்தும் பளிச்சென்று இருக்கும்.

துருநட்டு குறுக்கிட்டார். ஒரே மாதிரி இருப்பதும் ஒன்றாகவே இருப்பதும் வேறு என்றார். மங்கிய அச்சில் ஆறும் எட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த முறை ஆறு இருந்த இடத்தில் எட்டைக் குத்திவிட்டுப் போய்விடும். பிறகு எழுதினார்: "மங்கலான படம்னா, நான் மங்கல், என்னை நம்பாதேன்னு அதுவே சொல்லிடும். இது பளிச்சுன்னு பொய் சொல்லும்."

கறாருக்குச் சுருக்கென்றது. காரணம் இருந்தது. அதே முறையைத்தான் அவள் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலைக்குத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆதாரம் காட்டுங்கள் என்றாள். கையில் இல்லை, ஆனால் ஒருமுறை கண்ணால் பார்த்தேன் என்றார் அவர். எங்கே, எப்போது, எந்தக் கருவி என்று அவள் அடுக்கினாள். அவர் தடுமாறினார். வருடக் கணக்கு ஒன்றை மாற்றிச் சொன்னார். அவ்வளவு போதும். அவள் கடைசியாக எழுதியது இது:

"நட்டுல துரு ஏறினா எண்ணெய் விட்டுச் சரி பண்ணலாம். கழண்டே போச்சுன்னா என்ன பண்றது?"

இருநூற்றுப் பதினாறு பேர் சிரிப்பு முகத்தைப் போட்டார்கள். அதற்குமுன் அவள் எழுதிய எதற்கும் நூறைத் தாண்டியதில்லை. கழண்ட நட்டு என்று ஒரு வாரம் ஆளாளுக்கு ஓட்டினார்கள். துருநட்டு அதற்குப் பின் ஒரே ஒரு வரி எழுதினார், சரி என்று. பிறகு மன்றத்துப் பக்கமே வரவில்லை. அவர் வராததை அவள் கவனிக்கவும் இல்லை.

அந்தப் பெரிய வேலை ஒரு மருத்துவமனையினுடையது. நாற்பத்தோராயிரம் பழைய நோயாளிகளின் கோப்புகள் அங்கே அடித்தளத்தில் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. இடம் போதவில்லை, ஈரம் வேறு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, மருத்துவர் எந்த அறையிலிருந்தும் இணையப் பக்கத்தில் திறந்து பார்க்கும்படி செய்துகொடுத்துவிட்டு, காகிதத்தைக் கூழாக்க அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. அவள் வேலைபார்த்த சின்ன நிறுவனத்துக்கு அது வாழ்வு. டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், நான்கு ஸ்கேனர்கள் காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தன.

பக்கங்கள் திறக்க நேரமாகிறது என்று மருத்துவர்கள் முகம் சுளித்தபோது, அவள்தான் வழி கண்டாள். ஸ்கேன் செய்யும் நுணுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அந்த முத்திரை முறையைப் போட்டாள். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவளும் அவளே. நூறு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள், எல்லாம் தெளிவாக இருந்தது. தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாளே தவிர, காகிதத்தைப் பக்கத்தில் வைத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஸ்கேனரிலிருந்து வந்த மூலப்படங்கள் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், ஞாயிறுதோறும் பழையதை அழிக்க ஒரு சின்ன நிரலையும் எழுதி ஓடவிட்டிருந்தாள்.

மகளுக்குப் பதினோரு வயது. பள்ளியில் 'நான்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் தயார் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பிறந்த நேரம், எடை, நீளம் எல்லாம் வேண்டுமாம். அந்த மருத்துவமனையில்தான் மகள் பிறந்தாள். சொந்தக் கோப்பைப் பார்ப்பதில் என்ன தப்பு என்று ஒருநாள் மதியம் அவள் தன் பிரசவக் கோப்பைத் திறந்தாள். பழைய ஊசி அச்சுப்பொறியில் அடித்த தாள். புள்ளி புள்ளியாக எழுத்து. எடை 2.83 கிலோ என்றிருந்தது.

அவள் எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். 2.63 அல்லவா?

அந்த எண் மறக்கக்கூடியதல்ல. குழந்தை இளைப்பாக இருக்கிறது என்று நர்ஸ்கள் மூன்று நாள் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் அவளைப் பால் கொடுக்கவைத்தார்கள். ஆனாலும் முதலில் அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான். வீட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டாள். அவர் எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தார்.

"குட்டியா இருந்தா. ஒரு கையில தூக்கினேன். எடையெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இரும்பு பீரோவின் அடித்தட்டைக் குடைந்தாள். தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருந்த மஞ்சள் தாள் கிடைத்தது. அதே தாளின் நகல், வீட்டுக்குக் கொடுத்தது. 2.63.

மகள் வந்து எட்டிப்பார்த்து, எதை எழுதட்டும் என்று கேட்டாள். அறுபத்து மூன்று என்று எழுது என்றாள். சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணவில்லை. வீட்டுக்காரர் வந்துதான் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனாள். அந்தப் பக்கத்தைத் திரை கொள்ளுமட்டும் பெரிதாக்கினாள். அந்தத் தாளில் ஏழு இடத்தில் எட்டு இருந்தது. ஊசி அச்சில் ஓர் எட்டைப் போல இன்னோர் எட்டு வராது. ஒன்றில் மை குறையும், ஒன்றில் புள்ளி விலகும். இங்கே ஏழு எட்டிலும் இடது கீழ் வளைவில் ஒரே இடத்தில் ஒரே பொக்கை. புள்ளி பிசகாமல் அச்சு அசல். ஏழும் ஒரே எட்டுதான். தேதியில் இருந்த எட்டை எடுத்து, அவள் மகளின் எடையில் குத்தியிருந்தது.

 இருந்தும் கறார் கறார்தானே, இன்னும் ஆதாரம் வேண்டும் என்றது மனது. எண்களை மட்டும் மங்கலாக அச்சடித்து நாற்பது தாள் தயார் செய்தாள். அதே ஸ்கேனரில் போட்டு, அதே நிரலில் சுருக்கி, முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டாள். ஐந்து தாளில் எண் மாறியிருந்தது. பெரும்பாலும் ஆறு எட்டாகியிருந்தது, ஓரிடத்தில் மூன்றும் எட்டாகியிருந்தது.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாள். நாற்பத்தோராயிரம் கோப்பில் இருபத்தேழாயிரம் ஏற்கெனவே ஸ்கேன் ஆகி, காகிதம் கூழாகப் போய்விட்டது. மிச்சம் பதினாலாயிரம். அதிலும் ஸ்கேன் முடிந்த ஆறாயிரத்தை ஏற்ற வியாழக்கிழமை லாரி வருகிறது. அன்று செவ்வாய்.

முதலாளி நல்ல மனிதர்தான். அவள் தாள்களை மேஜைமேல் பரப்பிச் சொல்லிமுடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டெஸ்ட் ஷீட்ல கையெழுத்து யாரும்மா போட்டது?"

"நான்தான் சார்."

"அப்போ இது எங்க தப்பு இல்ல, உங்க தப்புன்னு ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னா?"

"என் தப்புதான் சார்."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். இந்தச் செய்தி வெளியே போனால் நான்கு ஸ்கேனரையும் கட்டிவைக்க வேண்டியதுதான், பதினோரு பேர் வீட்டில் உலை வைக்க முடியாது என்றார். அதுவும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவமனையோடு கூட்டம் இருக்கிறது, அங்கே பக்குவமாக எடுத்துச் சொல்லலாம், அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்றார்.

"வியாழக்கிழமை லாரி வருது சார்."

"ஒரு நாள் முன்ன பின்ன. ஆறாயிரம்தானே?" என்றார் அவர்.

அவள் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். முச்சந்தியாக இருந்தால் இந்நேரம் அவர் பேச்சை நார் நாராகக் கிழித்திருப்பாள்.  இங்கே ஞாயிற்றுக்கிழமை ஓடும் அந்த அழிப்பு நிரலை மட்டும் முதலில் நிறுத்தினாள். கடைசி இரண்டு வாரத்து மூலப்படங்கள் தப்பின. அவற்றில் காகிதம் ஏற்கெனவே கூழாகிவிட்ட கோப்பு மூவாயிரம்.  பிறகு உடம்பு சரியில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேருந்து மருத்துவமனை வாசலில் நின்றது.

பதிவறைக்குப் பொறுப்பாக இருந்த அம்மாவை அங்கே துப்புரவுப் பணியாளர் முதல் தலைமை மருத்துவர் வரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய குரல், சின்ன மூக்குக்கண்ணாடி. நின்றபடியே கேட்பார், நின்றபடியே திட்டுவார். அவள் தாள்களைக் காட்டியபோது அக்கா முதல்முறையாக உட்கார்ந்தார். இரண்டு எட்டுகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல மூணு டாக்டருங்க வந்து கேட்டாங்க, இந்த நம்பர் பொருந்தலையேன்னு. நான் அந்தப் பொண்ணைத்தான் புடிச்சுத் திட்டினேன்" என்றார்.

அவர் காட்டிய திசையில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஓர் இளம்பெண் கணினியில் எதையோ பதிந்துகொண்டிருந்தாள். கோப்பு விவரங்களைத் தட்டச்சு செய்து, எந்தப் பக்கம் எந்த நோயாளியுடையது என்று சேர்க்கிறவள். கவனக்குறைவு என்று சொல்லி அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தாயிற்று. அடுத்த தடவை வேலை போகும் என்றும் சொல்லியாயிற்று. காகிதத்தை எடுத்து ஒத்துப்பார்க்கலாம் என்று அந்தப் பெண் அழுதிருக்கிறாள். காகிதம் கூழாகியிருந்தது.

அவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. மேஜைமேல் இருந்த ரப்பர் முத்திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமாக்கா?"

"எப்படிம்மா தெரியும்? ஆனவங்க வந்து, உன்னோட எட்டுனாலதான் ஆச்சுன்னு சொல்லுவாங்களா?"

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவள் உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அக்கா தொலைபேசியை எடுத்து லாரிக்காரரிடம் பேசினார். மேலே இரண்டு பேரிடம் பேசினார். அரைமணி நேரத்தில் அடித்தளத்துக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவியை அவரே வைத்துக்கொண்டார்.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் விசாரணை. மருத்துவமனையிலிருந்து நான்கு பேர் நீள மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதை எந்தத் தேதியில் மாற்றினாள், யாரைக் கேட்காமல் மாற்றினாள், எப்படிச் சோதித்தாள், எப்படிச் சோதிக்காமல் விட்டாள். இந்த முறையில் இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று முன்னமே யாராவது சொன்னார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மன்றத்தைப் பற்றி அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

"சொன்னாங்க. நான் கேலி பண்ணேன்" என்றாள்.

கேட்டவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். யார் சொன்னது என்றார். தெரியாது, பேர் துருநட்டு என்றாள். மேஜைக்கு அந்தப்பக்கம் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

மருத்துவமனை அந்த நிறுவனத்தோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. முதலாளி அவளிடம் கத்தவில்லை. ராஜினாமாவை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். பதினோரு பேரில் நான்கு பேருக்கு வேலை போனது. அவர்களில் ஒருவர், ஸ்கேனரில் தாள் போட்டுக்கொண்டிருந்தவர், படியில் எதிரே வந்தபோது, நல்லா இருங்க மேடம் என்றார். அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்தாள். நல்ல அர்த்தம் ஒன்றும் அகப்படவில்லை.

வேலையில்லாத முதல் வாரத்தில், ஒரு காலைப்பொழுதில், அவள் முச்சந்தியில் எழுதினாள். ஏழு எட்டுகளின் படத்தையும் நாற்பது தாள்களின் கணக்கையும் போட்டாள். எந்த மருத்துவமனை என்று சொல்லவில்லை. துருநட்டு சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, தப்பாகச் சொன்னதோடு நிற்காமல் அவரை அவமானப்படுத்தினேன் என்று எழுதினாள். எடையை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று யாராவது கேட்பார்கள் என்று தோன்றியது. அது நான் பெற்ற குழந்தை என்று ஒரு வரி சேர்த்தாள். சேர்த்தபின்தான் அந்த வரி இன்னொன்றையும் சொல்லிவிட்டது என்று உறைத்தது. இந்தத் தடவை அழிக்கவில்லை.

மதியத்துக்குள் அறுநூறு மறுமொழிகள். சிலர் நல்லபடியாக எழுதினார்கள். அவளுடைய பழைய பக்தர்கள் அவளிடமிருந்தே அவளைக் காப்பாற்றப் புறப்பட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள், ஸ்கேனர்தான் கோளாறு என்றார்கள். ஒரு கூட்டம், இதற்குத்தான் வேறு வடிவம் வேண்டும் என்று தங்கள் பழைய சண்டையை அங்கே கொண்டுவந்து இறக்கியது. மாலைக்குள் அவளை மறந்துவிட்டு அவர்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். அதற்கு நடுவே ஒருவர் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். "பொம்பளையா? அதான்." அதற்கு முந்நூற்று எட்டுச் சிரிப்பு முகங்கள்.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் சாதனையை முறியடித்துவிட்டான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி மேஜைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு, கடைக்குப் போகலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனார்.

துருநட்டுக்குத் தனியாக ஒரு கடிதமும் அனுப்பியிருந்தாள். பதினோரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தான் ஓர் இயந்திர உதிரிபாகக் கிடங்கில் பத்தொன்பது வருடம் பொருள் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்ததாக எழுதியிருந்தார். பட்டியல்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிய வருடத்தில், ஒரே ஆலைக்கு மூன்று தடவை தப்பான பேரிங் போனது. திரையில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. எதனால் அப்படி ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் முச்சந்தியில் சேர்ந்தார். படித்துப் படித்து ஒருவழியாகப் புரிந்துகொண்டு, முதல்முறையாக வாயைத் திறந்த நாள்தான் அந்த நாள்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தார். "அந்த எட்டு இருக்கிற படத்தை நல்லாப் பெரிசா எடுத்து அனுப்ப முடியுமா? என் வீட்டுக்காரிக்குக் காட்டணும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை மூன்று முறை படித்தாள். பிறகு, ஒரு புள்ளிகூடக் குறைக்காமல், சுருக்காமல், முழுப் படத்தையும் அனுப்பினாள். ஒவ்வொரு எட்டின் பொக்கைக்கும் பக்கத்தில் சிவப்பு அம்பு போட்டு இன்னொரு படமும் அனுப்பினாள், கணினி தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று. அவர் மனைவிக்குக் காட்டினாரா, அந்த அம்மா என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியவரவில்லை. கேட்க அவளுக்கு வாயும் வரவில்லை.

மிஞ்சிய பதினாலாயிரம் கோப்பை மறுபடி ஸ்கேன் செய்ய மருத்துவமனை தானே ஆள் வைத்தது. அக்கா அவளைக் கூப்பிட்டார். எங்கே தப்பு வரும்னு உனக்குத்தானே தெரியும், வா என்றார். அடித்தளத்தில், குழாய் விளக்குக்குக் கீழே, பழைய பதவியில் பாதிகூட இல்லாத ஒரு பதவி. ஒவ்வொரு படத்தையும் காகிதத்தோடு ஒத்துப்பார்த்தபின்தான் மேலே அனுப்பினாள். எட்டு மாதம் ஆனது. தப்பிய மூவாயிரம் கோப்பின் மூலப்படங்களையும் சரிசெய்து ஏற்றினாள். மீதி இருபத்து நாலாயிரம் கோப்புக்குச் செய்ய எதுவும் இல்லை. இந்தப் படத்தில் உள்ள எண்களை நம்ப வேண்டாம் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பில் ஒரு வரி வரும்படி செய்தாள். அதை எழுதியதும் அவள்தான்.

தட்டச்சு செய்யும் பெண்ணுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை அக்கா திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார். அந்தப் பெண் இப்போதும் அங்கேதான் வேலைபார்க்கிறாள். கோப்புகளை வாங்கிக்கொள்வாள், கையெழுத்துப் போட்டுக்கொடுப்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவளும் எதிர்பார்ப்பதில்லை.

முச்சந்திக்கு எப்போதாவது போகிறாள். படிக்கிறாள், எழுதுவதில்லை. கறார் என்ற பேரை அழிக்கவும் இல்லை.

ஸ்கேன் வேலை முடிந்தபின்னும் அவள் அந்த அடித்தளத்திலேயே இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேலே எங்கிருந்தோ தொலைபேசி வரும். போன வாரம் ஓர் இளம் மருத்துவர் பேசினார். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், சிறுநீரகக் கோளாறு, ஆறு வருடத்துக்கு முந்தைய இரத்தச் சோதனை எண் தெரிந்தால் நோய் எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்று கணிக்கலாம் என்றார். கோப்பு எண்ணைச் சொன்னார். அவள் திறந்து பார்த்தாள். போய்விட்ட இருபத்து நாலாயிரத்தில் ஒன்று. திரையில் 1.8 என்று தெளிவாக, அழகாக இருந்தது.

"எட்டுன்னுதான் இருக்கு சார். ஆறாவும் இருக்கலாம், மூணாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றாள்.

அந்தப் பக்கம் மருத்துவர் அதைப் பெரியவரிடம் சொல்வது கேட்டது. பெரியவர் ஏதோ கேட்டார், அது காதில் விழவில்லை. அவள் ரிசீவரை வைக்காமல், இன்னும் ஏதாவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தாள்.